முக்தேஸ்வரிலிருந்து கொண்டுவந்த பாஞ்ச் கொட்டைகள்: கோத்தகிரியில் முளைக்குமா?

கோத்தகிரி வாசி | ஜனவரி 5

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு உத்தராகண்டில் உள்ள குமாவுன் மலைப்பக்கம் போய்வந்தோம். முக்தேஸ்வரில் நாங்கள் தங்கிய வீட்டின் பின்சரிவு முழுக்க ஓக் மரங்கள். அங்கே அதைப் பாஞ்ச் என்கிறார்கள். கிளம்பும் நாளில் அந்த வீட்டுக்கார அம்மா, வாசலில் உதிர்ந்து கிடந்த கொட்டைகளை ஒரு கை அள்ளி என் மகனின் சட்டைப்பையில் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து எண்ணினேன், இருபத்து மூன்று.

எங்கள் ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரம். பாஞ்ச் 1,500 முதல் 2,200 மீட்டர் வரை நன்றாக வரும் என்று அங்கே சொன்னார்கள். இங்கேயும் குளிர் இருக்கிறது, மழை இருக்கிறது, சரிவுக்கும் பஞ்சமில்லை. போதாக்குறைக்கு எங்கள் தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் வரிசையாக நிற்கிறது. இரண்டுக்கும் இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசினாற்போல் இருப்பதால் ஒரே குடும்பமாகத்தான் இருக்க வேண்டும். அது வளரும் மண்ணில் இது வளராதா? எப்படி விதைப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வு வனவர் | ஜனவரி 5

சில்வர் ஓக் ஓக்கே அல்ல, அம்மா. கிரெவில்லியா ரொபஸ்டா என்ற ஆஸ்திரேலிய மரம். தேயிலைக்கு நிழல் வேண்டும் என்று துரைமார் காலத்தில் வந்தது. அறுத்த பலகையில் ஓடும் ரேகை ஓக் பலகையைப் போல் இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நம் கடற்கரைச் சவுக்கைக்கூட ஆங்கிலத்தில் ‘ஷீ ஓக்’ என்பார்கள். பெயரை வைத்து உறவு கொண்டாடினால் சவுக்கும் உங்கள் பாஞ்ச்சுக்கு அத்தை முறை ஆகிவிடும்.

உண்மையான ஓக், அதாவது கருவாலி, தென்னிந்தியாவில் இயற்கையாக எங்குமே இல்லை. நீலகிரியில் இல்லை, பழனி மலையில் இல்லை, ஆனைமலையில் இல்லை. இமயமலையிலும் வடகிழக்கு மலைகளிலும்தான் உண்டு. உங்கள் கொட்டை முளைக்கலாம். ஆனால் வெளியூர் மரத்தை ஆசைப்பட்டு நட்டு நீலகிரி பட்ட பாடு போதாதா? 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்கும் பட்டைக்கும் என்று கொண்டுவந்த வாட்டில் மரம் புல்வெளிகளை விழுங்கியதைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் நடாதீர்கள் என்பதே என் யோசனை.

அல்மோராத் தமிழன் | ஜனவரி 6

அம்மா, நான் பத்தொன்பது ஆண்டுகளாக அல்மோரா மாவட்டத்தில் குடியிருக்கிறேன். விதைக்கும் முறையைப் பிறகு சொல்கிறேன். அந்தக் கொட்டை எங்கிருந்து பிரிந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

காத்கோதாமில் ரயிலை விட்டு இறங்கிக் காரில் ஏறியிருப்பீர்கள். அடிவாரத்தில் சால் மரங்கள். பீம்தாலைக் கடந்து பவாலியை நெருங்கும்போது சீர் பைன். அதன் பிறகு காகர் கணவாய்க்கு ஏறும் வளைவுகளில் ஜன்னல் வழியே வரும் காற்று சட்டென்று ஈரமாகும், வெளிச்சமும் ஒரு படி இறங்கும். அங்கே பாஞ்ச் காடு தொடங்கிவிட்டது. இன்னும் மேலே போனால் தம்பிமார் வேறு. ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேல் திலோஞ்ச் என்னும் ஓக், நைனிதாலைச் சுற்றி நிறைய உண்டு. 2,400-க்கு மேல் கர்சு என்னும் ஓக், பனிப்புல்வெளியின் விளிம்புவரை ஏறிவிடும். கீழே ஓடைக்கரைகளில் ஃபலியாட் என்று இன்னொன்று. ஒரே மலையை இவை உயரம் பார்த்துப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன.

பாஞ்ச்சுக்குத் தாவரவியல் பெயர் குவெர்கஸ் லியூகோட்ரைகோஃபோரா. ‘வெண்மயிர் தாங்கியது’ என்று பொருள். இலை மேலே கரும்பச்சை, அடியில் வெண்சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ரோமம். காற்று அடித்தால் ஒரு சரிவே நிறம் மாறும், பார்த்திருப்பீர்கள். பசுமை மாறா மரம்தான், ஆனால் பங்குனி, சித்திரையில் பழைய இலையைக் கொட்டிவிட்டு இளஞ்சிவப்பாகத் தளிர் விடும். ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதத்தில் இதற்கு மட்டும் துணிச்சல். வேர் ஆழத்தில் இருப்பதால் வந்த துணிச்சல்.

தனியாக நிற்கும் மரமும் அல்ல. கூடவே புரான்ஷ், காஃபல், அயார் என்று வேறு மலைமரங்களும் நிற்கும். அடிமரத்தில் பாசியும் பெரணியும். தரையில் உதிர்ந்த இலை அழுகி அழுகிக் கறுத்துக் கிடக்கும். ஒருமுறை கைத்தடியைக் குத்திப் பார்த்தேன், ஒரு சாண்வரை தடையே இல்லாமல் இறங்கியது. மேல்கிளைகளில் சாம்பல் நிறத்தில் ஒன்று சுருண்டு ஒட்டியிருக்கும், ஊரில் ஜூலா என்பார்கள். அதை உதிர்த்து மூட்டை கட்டி ராம்நகர்ச் சந்தைக்கு அனுப்புவார்கள். மசாலா வியாபாரிகள் வாங்குகிறார்கள்.

காரைக்குடி அடுப்படி | ஜனவரி 6

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். சாம்பல் நிறத்தில் சுருண்டு, ஒரு பக்கம் கறுப்பாக, மசாலாவுக்குப் போவது என்றால் அது கல்பாசிதானே?

அல்மோராத் தமிழன் | ஜனவரி 6

அதேதான் ஆச்சி. வட இந்தியக் கடைகளில் தகட் பூல் என்று விற்பதும் இந்த இனம்தான். கல்பாசி பல மலைகளிலிருந்து வருகிறது, குமாவுன் பாஞ்ச் கிளைகளிலிருந்தும் வருகிறது. உங்கள் கோழிக்குழம்பில் எந்த மலை மணக்கிறது என்று மளிகைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

மேலமாசி மருந்துக்கடை | ஜனவரி 6

கல்பாசி வந்துவிட்டது, மாசிக்காயை விடலாமா? எங்கள் கடையில் தினமும் நாலு பேராவது கேட்கும் சரக்கு. குழந்தைக்கு நாக்கில் மாவு படிந்தால் சுட்ட மாசிக்காயை உரைகல்லில் உரைத்துத் தடவுவது வழக்கம். பிள்ளை பெற்ற வீட்டு உரைமருந்துப் பெட்டியிலும் இருக்கும். வாங்குகிறவர்கள் அது ஒரு மரத்தின் காய் என்றே நினைக்கிறார்கள். காயே அல்ல. துருக்கி, ஈரான் பக்கத்துக் குட்டை ஓக் மரமான குவெர்கஸ் இன்ஃபெக்டோரியாவின் தளிர்க்கிளையில் ஒரு சிறு குளவி முட்டையிடும். மரம் அந்த இடத்தில் வீங்கி உருண்டையாகிறது. உருண்டையில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். ஓட்டை இல்லாத கனமான காய்தான் நல்ல துவர்ப்பு, விலையும் கூடுதல். ஆக, ஓக் மரம் நம் ஊரில் முளைக்கவில்லையே தவிர, நாம் பிறந்த உடனேயே அது நம் நாக்கில் பட்டிருக்கிறது.

கிணற்றுத் தவளை | ஜனவரி 7

அருமையான இழை. ஒரு சந்தேகம், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே கேட்கிறேன். பாஞ்ச் மரம் இருந்தால் ஊற்று வரும், வேரிலேயே தண்ணீர் இருக்கிறது என்று சுற்றுலா போய்வந்த எல்லோரும் சொல்கிறார்கள். நிலத்தடி நீர்தான் எனக்குச் சோறு போடுகிறது. எந்த மரமும் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை, குடிக்கத்தான் செய்யும். ஊற்று எங்கே பீறிடும் என்பதைத் தீர்மானிப்பது பாறையின் பிளவும் படுகையின் சாய்வும். பாஞ்ச் இயல்பாகவே வெயில் குறைந்த, ஈரம் நிற்கும் வடக்குச் சரிவைத் தேடி வளர்வது. பைன் வறண்ட தெற்குச் சரிவில். ஆகவே ஈரம் இருப்பதால் பாஞ்ச் இருக்கிறதா, பாஞ்ச் இருப்பதால் ஈரம் இருக்கிறதா? மழை பெய்த இடத்தில் குடை அதிகம் தெரிகிறது என்பதற்காகக் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியுமா?

அல்மோராத் தமிழன் | ஜனவரி 7

தவளையாரே, பாதி ஒத்துக்கொள்கிறேன். வேரில் தண்ணீர் ஊறுகிறது என்பது பக்தி. மீதிப் பாதிக்குக் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மேலே இரண்டு சரிவுகள், நடுவில் ஓர் ஓடை. ஒன்றில் பாஞ்ச். மற்றதில் பைன், ஒவ்வொரு கோடையிலும் தீப்பிடிப்பது. ஆடியில் ஒரு மணி நேரம் கொட்டிய மழை நின்றதும் போய் நின்றேன். பைன் சரிவில் காபி நிறத்தில் தண்ணீர் அப்போதே ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. பாஞ்ச் பக்கம் ஓட்டமே இல்லை. இலையிலிருந்து சொட்டு, பாசியிலிருந்து சொட்டு, அது மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. மரம் குடிப்பதைக் குடிக்கட்டும். அந்த ஒரு சாண் இலைமக்கு, ஓடிப்போகும் தண்ணீரைப் பிடித்து மெதுவாகக் கீழே விடுகிறது. நீங்கள் சொல்லும் பாறைப் பிளவுக்குத் தண்ணீர் போய்ச்சேர வேண்டுமானால் அது முதலில் சரிவில் நின்றாக வேண்டுமே.

இங்கே ஊற்றைக் கல்லால் கட்டி, படி வைத்து, மேலே சிறு கோயில் போல் கூரை போட்டிருப்பார்கள். நௌலா என்று பெயர். எங்கள் ஊர் நௌலாவில் வைகாசியில் ஒரு குடம் நிறைய ஏழெட்டு நிமிடம் ஆகும். பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் புல்லறுக்கப் போய்விட்டு வருவார்கள்.

கிணற்றுத் தவளை | ஜனவரி 7

மக்கு என்று சொன்னீர்கள் பாருங்கள், அதை ஏற்கிறேன். மரத்தைக் கும்பிடாமல் மண்ணைப் பார்த்தால் எனக்குச் சண்டையே இல்லை. பௌரி மாவட்டத்தில் உஃப்ரைங்கால் பகுதியில் ஆசிரியர் சச்சிதானந்த் பாரதி செய்ததும் அதுதானே. அவர் பாஞ்ச் முதலான அகலிலை மரங்களை மட்டும் நடச் சொல்லவில்லை, சரிவெங்கும் ஆயிரக்கணக்கில் சிறு குழிகளையும் கிராமத்தாரை வைத்து வெட்டவைத்தார். வறண்டு கிடந்த ஓடை மறுபடி ஓடியது, காட் கங்கா என்று பெயர் வைத்தார்கள். புகழ் முழுவதையும் மரத்துக்குக் கொடுத்துவிட்டுக் குழி வெட்டிய கைகளை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் என் எரிச்சல்.

ஓய்வு வனவர் | ஜனவரி 8

பைன் மீது எல்லாரும் பழி போடுகிறீர்கள். நீலகிரியில் பைன் அந்நியன். குமாவுனில் சீர் பைன் அந்த மண்ணின் மரம்தான், யாரும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. கேள்வி, அது தன் எல்லையைத் தாண்டி ஏன் மேலே ஏறியது என்பது.

எங்கள் துறைக்கும் அதில் பங்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் பைனிலிருந்து பிசின் இறக்கலாம், தண்டவாளக் கட்டை அறுக்கலாம். கோணல்மாணலாக வளரும் பாஞ்ச்சில் கஜானாவுக்கு என்ன கிடைக்கும்? ஒதுக்கக் காடு என்று வேலி போட்டதும் மக்கள் கொதித்தார்கள். 1921-இல் குமாவுன் காடுகளுக்கு ஊர்க்காரர்களே தீ வைத்தபோது எரிந்தவை பெரும்பாலும் பைன் காடுகள். பாஞ்ச்சைத் தொடவில்லை. எது யாருடைய மரம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதன் பிறகுதான் 1931-இல், ஊராரே காட்டைப் பார்த்துக்கொள்ளும் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன.

தீ பைனுக்குச் சாதகம். தடித்த பட்டை அதைக் காப்பாற்றும், எரிந்து வெறுமையான மண்ணில் அதன் இறக்கை விதை உடனே ஊன்றிக்கொள்ளும். பாஞ்ச் நாற்றுக்கு அப்படிப்பட்ட மண்ணில் வேலையில்லை. ஒரு தீ, இன்னொரு தீ, எல்லைக்கோடு பத்தடி மேலே.

அல்மோராத் தமிழன் | ஜனவரி 8

வனவர் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நேர்மையாக இருக்க வேண்டுமல்லவா. பாஞ்ச்சை நேசிப்பவர்களேதான் அதை வெட்டவும் செய்கிறார்கள். மார்கழியிலிருந்து பங்குனிவரை சரிவில் பச்சைப் புல் கிடையாது, மாட்டுக்கு இந்த இலைதான் தீவனம். உதிர்ந்த சருகு தொழுவத்தில் படுக்கை, பிறகு எரு. கட்டை நின்று எரியும் விறகு. பக்கத்து வீட்டு அம்மாள் அறுபது வயதில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவார், உச்சியில் ஒரு கொத்தை மட்டும் விட்டுவிட்டுக் கழிப்பார். முறை வைத்துக் கழித்தால் மரம் தாங்கும். வருடந்தோறும் கழித்தால் விளக்குமாற்றைக் குத்தி வைத்தாற்போல் நிற்கும், கொட்டை பிடிக்காது. அந்த அம்மாளிடம் காட்டைக் காப்பாற்றுங்கள் என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. எரிவாயு அடுப்பு வந்ததும் விறகு குறைந்தது, மாடு குறைந்ததும் தழையும் குறைந்தது.

இங்கே கலப்பையும் பாஞ்ச் கட்டையில்தான் செய்வார்கள். அதற்காகவே மரம் வெட்டுவதைத் தவிர்க்க அல்மோராவில் உள்ள மலை வேளாண் ஆராய்ச்சி நிலையம் வி.எல். ஸ்யாஹி ஹல் என்ற இரும்புக் கலப்பையை உருவாக்கியது. எடை குறைவு, எருதுக்கும் சுகம்.

கோத்தகிரி வாசி | ஜனவரி 9

நான் ஒரு கை கொட்டையோடு வந்தேன், நீங்கள் ஒரு மலையையே இறக்கிவிட்டீர்கள். ஒன்று மட்டும் விடாமல் உறுத்துகிறது. முக்தேஸ்வரில் பாஞ்ச்சுக்குப் பக்கத்தில் நின்ற புரான்ஷ் மரத்தைப் பார்த்ததும் என் மகன், ‘அம்மா, இது நம் ஊர்க் காட்டுப்பூவரசு’ என்றான். இங்கே சோலை ஓரத்தில் சிவப்பாகப் பூக்கிறதே, அதே மரம். புரான்ஷ் நீலகிரிவரை வந்திருக்கிறது. கூட நின்ற பாஞ்ச் ஏன் வரவில்லை?

ஓய்வு வனவர் | ஜனவரி 9

உங்கள் மகனுக்கு ஒரு சபாஷ். இரண்டும் ரோடோடென்ட்ரான் அர்போரியம்தான், நம்முடையது நீலகிரிக் கிளையினம். இமயத்தில் ஒன்று, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி நீலகிரியில் ஒன்று, நடுவில் சமவெளியும் பீடபூமியும். வரையாட்டுக்கும் அதேபோல் இமயத்தில் தூரத்து உறவு உண்டு.

பாஞ்ச் ஏன் வரவில்லை என்பதற்கு என் ஊகம் இது, ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுப்பூவரசின் விதை தூசி மாதிரி, ஊதினால் பறக்கும். ஓக் கொட்டை மரத்தடியில் தொப்பென்று விழுவது. அதைத் தூக்கிப்போக ஜே போன்ற பறவையோ அணிலோ வேண்டும். ஒளித்து வைத்துவிட்டு மறக்கவும் வேண்டும். காய்ந்தால் செத்துவிடும் விதை அது. சமவெளி வெயிலில் அதற்கு வழி ஏது?

அல்மோராத் தமிழன் | ஜனவரி 10

‘காய்ந்தால் செத்துவிடும்’ என்பதுதான் விதைக்கும் முறைக்கும் திறவுகோல். நெல், அவரை மாதிரி உலர்த்தி டப்பாவில் போட்டீர்களானால் போச்சு. இன்றைக்கே ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதப்பவற்றை எறியுங்கள், உள்ளே பெரும்பாலும் வண்டு குடைந்திருக்கும். மூழ்கியவற்றை ஈர மணலில் படுக்கவைத்து நிழலில் வையுங்கள். முதலில் வேர்தான் வரும். மேலே ஒன்றும் தெரியவில்லை என்று தோண்டிப் பார்க்காதீர்கள். கர்சு கொட்டைக்கு இவ்வளவு பொறுமைகூடக் கிடையாது, ஆடி மழையில் மரத்தில் தொங்கும்போதே முளை விட்டுவிடும்.

இன்னொன்று, ஓக் வேருக்குக் கூட்டாளிப் பூஞ்சை வேண்டும். இங்கே நாற்று விடுபவர்கள் காட்டு மண்ணில் இரண்டு கை அள்ளிப் பையில் போடுவது அதற்குத்தான்.

கிணற்றுத் தவளை | ஜனவரி 10

நீலகிரிப் பைன் தோட்டங்களில் மழைக்குப் பிறகு காளான் முளைக்கிறதே, அந்தப் பூஞ்சைகளில் ஏதாவது ஒன்று ஒத்துப்போகாதா?

ஓய்வு வனவர் | ஜனவரி 10

போகலாம். அதனால்தான் பயப்படுகிறேன். தொட்டியில் வையுங்கள், பையில் வையுங்கள், தரையில் வேண்டாம் என்று மறுபடியும் சொல்லிவைக்கிறேன்.

கோத்தகிரி வாசி | ஜனவரி 12

வாளிச் சோதனை முடிந்தது. இருபத்து மூன்றில் பதினான்கு மிதந்தன. ஒன்றை உடைத்தேன், உள்ளே வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. மீதி ஒன்பது ஈர மணலில். மகன் தினமும் பள்ளிக்குப் போகுமுன் பார்க்கிறான். தோண்டவில்லை என்று சத்தியம் செய்கிறான், நகக்கண்ணில் மணல் இருக்கிறது.

கோத்தகிரி வாசி | மார்ச் 2

நான்கில் வேர் வந்துவிட்டது. கூர் முனையிலிருந்து வெள்ளையாக, என் சுண்டுவிரல் நீளம். தண்டு இன்னும் இல்லை. வனவர் ஐயா சொன்னபடி உயரமான நாற்றுப் பைகளுக்கு மாற்றிக் கொல்லையில் வைத்திருக்கிறேன். மண்ணுக்குப் பைன் தோட்டத்து மண் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரி வாசி | ஜூலை 19

படம் ஏற்றத் தெரியவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன். ஒன்று அழுகிவிட்டது, ஒன்றை நத்தை தின்றது. இரண்டு இருக்கின்றன. பெரியது ஒரு சாண் உயரம், ஆறு இலை. தளிர் செம்பு நிறத்தில் வந்து ஒரு வாரத்தில் பச்சையானது. நேற்று மழை விட்டதும் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அந்த வெள்ளை ரோமம், விரலில் பட்டால் குழந்தையின் காது மடல் மாதிரி இருக்கிறது. முக்தேஸ்வர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிரித்துவிட்டு, மாடு வாங்கிவிட்டாயா என்று கேட்டார்.

ஓய்வு வனவர் | ஜூலை 20

மகிழ்ச்சி. தரையில் நடவில்லையே?

கோத்தகிரி வாசி | ஜூலை 20

இல்லை ஐயா, சொன்ன சொல் மாறவில்லை. இரண்டும் அதே பையில்தான் இருக்கின்றன, சமையலறைக்குப் பின்னால், மண்தரையில்.

ஓய்வு வனவர் | ஜூலை 20

மண்தரையிலா? பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டிருப்பீர்களே. பெரியதைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்கள்.

கோத்தகிரி வாசி | ஜூலை 20

தூக்கிப் பார்த்தேன். வரவில்லை.